கோஷன் மெனொனைட் நூலகத்துக்கு வெளியாட்கள் போகலாமா? போனால் எதைக் கேட்டுப் பார்ப்பது?

ஆர்வி_குமரன் (எல்கார்ட், இந்தியானா)

வணக்கம். வேலை மாறி எல்கார்ட்டுக்கு வந்திருக்கிறேன். ஆர்.வி. என்று இங்கே சொல்லும் வீட்டு வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வயரிங் பிரிவு. என்னுடன் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஆமிஷ்காரர்கள். வீட்டில் கரண்ட் இணைப்பு கிடையாது, இங்கே நாள் முழுக்க வயர் இழுக்கிறோம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்களில் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று சொன்னார். ஞாயிறு ஆராதனையில் இரண்டாவதாக எப்போதும் ஒரே பாட்டுத்தானாம். நாலு சரணம், பாடி முடிக்க இருபது நிமிடம். புத்தகத்தில் ராகக் குறிப்பு எதுவும் இல்லை, கேட்டுக் கேட்டே பழகுவது. அந்தப் புத்தகத்தின் மூலப் பாட்டுகளை 1500களில் சிறையில் கிடந்தவர்கள் எழுதினார்களாம். பழைய பிரதியை எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். "கோஷனுக்குப் போ" என்றார்.

தேடினால் இரண்டு நூலகம் வருகிறது. ஒன்று கோஷன் கல்லூரியில் இருக்கும் மெனொனைட் வரலாற்று நூலகம். இன்னொன்று எல்கார்ட்டிலேயே இருக்கும் மெனொனைட் இறையியல் கல்லூரியின் நூலகம். எதற்குப் போவது? நான் கிறிஸ்தவன் இல்லை, ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது. உள்ளே விடுவார்களா? ஆமிஷ், மெனொனைட், அனபாப்டிஸ்ட் என்று மாறி மாறிப் படிக்கிறேன், யார் எவர் என்றும் சுருக்கமாகச் சொன்னால் நல்லது.

பட்டியல்_பாட்டி (ஒஹாயோ)

தம்பி, தாராளமாகப் போகலாம். என்ன மதம் என்று வாசலில் யாரும் கேட்கப்போவதில்லை. நான் ஒஹாயோவில் ஒரு கல்லூரி நூலகத்தில் பட்டியல் போட்டே ஓய்வுபெற்றவள். பழைய பாட்டுப் புத்தகங்களுக்காக அந்தப் பக்கம் வந்துபோன பழக்கம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் எவர். 1525 ஜனவரியில் சூரிக் நகரத்தில் சில இளைஞர்கள், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டுப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். இவர்களும் இவர்கள் வழியில் வந்தவர்களும் அனபாப்டிஸ்டுகள். நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் 1536ல் குருப்பட்டத்தை விட்டுவிட்டு இவர்களுடன் சேர்ந்தார். அவர் பெயரால் மெனொனைட்டுகள். 1693ல் யாக்கோப் அம்மான் என்பவர் சபை ஒழுங்கு விஷயத்தில் பிரிந்துபோனார், அவர் ஆட்கள் ஆமிஷ். சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்பவர்கள் ஹட்டரைட்டுகள். இப்போதைக்கு இது போதும்.

இரண்டு நூலகத்துக்கும் நடுவே பத்து மைல் சொச்சம்தான், ஆனால் வேலை வேறு. எல்கார்ட்டில் இருப்பது போதகர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. 1958ல் இரண்டு செமினரிகள் கைகோத்து உருவானது, இப்போதைய பெயர் 2012ல் வைத்தது. நூலகக் கட்டடம் 2007ல் வந்தது, நல்ல வெளிச்சம். வேத விளக்கவுரை, சமாதான இறையியல், மிஷன், ஆராதனை எல்லாம் ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாக இருக்கும். உட்கார்ந்து படிக்க அருமையான இடம். ஆனால் நீங்கள் கேட்கும் பாட்டுப் புத்தகத்துக்குக் கோஷன்தான்.

கோஷன் நூலகம் 1906ல் தொடங்கியது. அதை இன்றைய அளவுக்கு வளர்த்தவர் ஹாரால்ட் பெண்டர். 1920களில் அங்கே பாடம் நடத்த வந்தவர், ஐரோப்பாவிலிருந்து பழைய புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1927ல் ஒரு காலாண்டு ஆய்விதழையும் ஆரம்பித்தார், அது இன்றும் வருகிறது. வெறும் கலகக்காரர்கள் என்று பாடநூல்கள் ஒதுக்கிவைத்திருந்த ஒரு கூட்டத்தைக் கிறிஸ்தவச் சீர்திருத்த வரலாற்றின் நடுவே கொண்டுவந்ததில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு. 1943 கடைசியில் சபை வரலாற்றுச் சங்கத் தலைவராக அவர் ஆற்றிய உரையை இன்றும் ஆதரித்தும் திட்டியும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

போகும்முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறையியல் நூலகம் என்றதும் தடித்தடியான தத்துவப் புத்தகங்களைத் தேடக்கூடாது. சீர்திருத்தத் தலைவர்களான லூத்தருக்கும் கால்வினுக்கும் ஒரு அலமாரியையே அடைக்கும் அளவுக்குத் தொகுதிகள் உண்டு, ஏனென்றால் அவர்கள் படுக்கையில் செத்தார்கள். அனபாப்டிஸ்ட் தலைவர்கள் கதை வேறு. கான்ராட் கிரேபெல் 1526ல் கொள்ளைநோயில் போனார். ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் சூரிக் நகரசபையே லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது. மைக்கேல் சாட்லரை அதே ஆண்டு மே மாதம் எரித்தார்கள். இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றிருந்த ஹூப்மாயரை 1528 மார்ச்சில் வியன்னாவில் எரித்தார்கள். மூன்றே ஆண்டில் எழுதத் தெரிந்த முதல் தலைகள் பல போய்விட்டன. அதனால் அவர்கள் இறையியல் பெரும்பாலும் பாட்டிலும், சிறைக் கடிதத்திலும், விசாரணையில் சொன்ன பதிலிலும்தான் கிடக்கிறது.

விசாரணை என்றதும் இன்னொன்று. அந்தப் பதில்களை எழுதிவைத்தது யார்? பிடித்தவர்களின் எழுத்தர்கள். நகரசபை, நீதிமன்றப் பதிவுகளைத் தேடி எடுத்து ஜெர்மனியில் 1930லிருந்து தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். அந்த வரிசையைக் கோஷனில் ஒரு நடை பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் அதன் நீளம் தெரியும். ஹட்டரைட்டுகள் கையாலேயே பிரதி எடுத்த புத்தகங்களும் இப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஏசுசபையார் வீடு வீடாகப் பறிமுதல் செய்தவற்றில் பல இன்று பிராட்டிஸ்லாவாவிலும் புடாபெஸ்டிலும் பத்திரமாக இருக்கின்றன. பறித்தவன் கிழித்துப் போடாமல் அடுக்கிவைத்ததால் நமக்குக் கிடைத்தது. என் தொழிலில் இருந்தவர்களுக்கு இதைப் பற்றி என்ன நினைப்பதென்றே தெரியாது.

இனி உங்கள் பாட்டுப் புத்தகம். பெயர் ஆஸ்புண்ட். 1535லிருந்து 1540 வரை ஜெர்மனியின் பசாவ் கோட்டைச் சிறையில் இருந்த அனபாப்டிஸ்டுகள் எழுதிய ஐம்பது சொச்சப் பாட்டுகள்தான் அதன் மூலம். அவை 1564ல் முதலில் அச்சாயின, ஆஸ்புண்ட் என்ற பெயர் 1583 பதிப்பில் வந்தது. அந்த 1564 பதிப்பில் உலகத்தில் இருப்பதாகத் தெரிந்த ஒரே பிரதி கோஷனில் இருக்கிறது. உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் 1742ல் ஜெர்மன்டவுனில் சவுர் அச்சகம் போட்டது. ஆமிஷ்காரர்கள் கையில் இன்று இருப்பதில் 140 பாட்டு, அந்த இருபது நிமிடப் பாட்டு 131ஆவது.

ஆனால் போன உடனே 1564ஐ எடுங்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் ஒரே பிரதியை வெளியே எடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? பிந்திய பதிப்புகள் நிறைய இருக்கின்றன. இரண்டு மூன்றை வைத்து ஒப்பிட்டால் உங்களுக்கே ருசி தட்டும்.

அதைவிட, இரத்தசாட்சிகளின் கண்ணாடி என்ற புத்தகத்தைக் கேளுங்கள். டச்சுக்காரர் ஃபான் பிராக்ட் 1660ல் வெளியிட்டது. 1685 பதிப்பில் யான் லைக்கன் செதுக்கிய 104 செப்புத் தகட்டுப் படங்கள் சேர்ந்தன. அந்த 1685 டச்சுப் பதிப்பையும், 1748ல் பென்சில்வேனியாவின் எஃப்ராட்டாவில் அச்சான ஜெர்மன் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப்ராட்டாவில் பதினைந்து பேர் மூன்று ஆண்டு உழைத்து 1300 பிரதி போட்டார்கள். 1500 பக்கத்துக்கு மேல். குடியேற்றக் கால அமெரிக்காவில் அதைவிடப் பெரிய புத்தகம் எதுவும் அச்சாகவில்லை. பைண்ட் பண்ணாமல் மிச்சமிருந்த தாள்களைப் பிற்பாடு சுதந்திரப் போர் சமயத்தில் சிப்பாய்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள், துப்பாக்கித் தோட்டா சுற்றுவதற்கு. ஆயுதம் தொடமாட்டோம் என்று செத்தவர்களின் கதைப் புத்தகத்தைச் சுற்றிச் சுட்டிருக்கிறார்கள்.

படங்களில் டிர்க் வில்லெம்ஸ் படத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 1569ல் உறைந்த நீர்மேல் தப்பி ஓடியவர், துரத்தி வந்தவன் பனி உடைந்து விழுந்ததும் திரும்பி வந்து தூக்கிவிட்டார், அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். அந்தப் படம் கோப்பையிலும் சட்டையிலும் வந்துவிட்டது. நான் சொல்வது மாய்க்கன் வென்ஸ் படம். ஆண்ட்வெர்ப், 1573. கொத்தனார் ஒருவரின் மனைவி. எரிக்கக் கொண்டுபோகும் வழியில் பேசிவிடக் கூடாது என்று நாக்கில் திருகாணி முறுக்கினார்கள். பதினைந்து வயது மகன் அட்ரியான், மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெஞ்சில் ஏறி நின்றான். தாயைக் கம்பத்தில் கட்டுவதைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்தான். லைக்கன் அந்தத் தேடலைத்தான் செதுக்கியிருக்கிறார். நெருப்பும் கூட்டமும் கிடையாது, குனிந்து நிற்கும் பிள்ளைகள் மட்டும். கூடவே அந்த அம்மா சிறையிலிருந்து மகனுக்கு எழுதிய கடிதமும் அச்சாகியிருக்கிறது. இறையியல் வேண்டும் என்றால் அதைப் படியுங்கள்.

ஜெர்மன் தெரியாதது ஒரு குறையே இல்லை. அந்தப் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886ல் உங்கள் எல்கார்ட்டிலேயே அச்சானது. இன்று கடையில் கிடைக்கும் ஆங்கிலப் பதிப்பும் அதே மொழிபெயர்ப்புதான். ஆமிஷ் வீடுகளில் கல்யாணப் பரிசாகக் கொடுப்பார்கள், உங்கள் நண்பர் வீட்டில் ஒரு பிரதி இருந்தாலும் இருக்கும்.

கடைசியாகப் பட்டியல்காரியின் புலம்பல் ஒன்று. நூலகங்கள் புத்தகங்களை எண் போட்டு வகைப்படுத்தும் டியூயி முறையில் அனபாப்டிஸ்டுகள் 284.3, மெனொனைட்டுகள் 289.7. காங்கிரஸ் நூலக முறையிலும் ஒரு கூட்டம் பிஎக்ஸ் 4929 பக்கம், இன்னொரு கூட்டம் 8101 பக்கம். தாத்தா ஒரு அலமாரியில், பேரன் வேறு அலமாரியில். பொது நூலகம் எதற்குப் போனாலும் இரண்டு இடத்திலும் பாருங்கள், இல்லாவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

வாட்டர்லூ_சிவா (ஒன்ராறியோ)

பாட்டி நல்லா எழுதியிருக்கிறீங்கள். நான் இருக்கிறது வாட்டர்லூவுக்குக் கிட்ட. சென் ஜேக்கப்ஸ் சந்தைப் பக்கம் போனால் இங்கேயும் குதிரை வண்டிதான், ஆனால் அவை பெரும்பாலும் பழைய ஒழுங்கு மெனொனைட் ஆட்களின்ரை. கான்ராட் கிரேபெல் பல்கலைக்கழகக் கல்லூரி இங்கே 1963ல் தொடங்கினது. அங்கே ஒரு நூலகமும் ஒன்ராறியோ மெனொனைட் ஆவணக் காப்பகமும் இருக்கு. கனடாவில் இருந்து இதை வாசிக்கிற ஆட்கள் இந்தியானாவரைக்கும் ஓடத் தேவையில்லை.

குமரனுக்கு ஒரு யோசனை. போக முதல் இணையத்தில் இருக்கிற உலக அனபாப்டிஸ்ட் மெனொனைட் கலைக்களஞ்சியத்தைப் பாருங்கோ. 1955க்கும் 1959க்கும் இடையில் நாலு பெரிய தொகுதியா வந்த மெனொனைட் கலைக்களஞ்சியமும் 1990ல் வந்த அஞ்சாவது தொகுதியும் அதுக்குள்ள இருக்கு, காசு இல்லை. ஆஸ்புண்ட் பற்றிய கட்டுரையை வாசிச்சிட்டுப் போனால் என்ன கேட்கிறது என்று தெரியும்.

நாத்திகன்_72

எல்லோரும் உருகுகிறீர்கள். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தை யாருமே சொல்லவில்லையே? 1534ல் நகரத்தைப் பிடித்து, எதிர்த்தவர்களைத் துரத்தி, பலதார மணம் கொண்டுவந்து, ஒருவன் தன்னை ராஜா என்று அறிவித்துக்கொண்டானே, அவர்களும் அனபாப்டிஸ்டுகள்தான். இந்த நூலகங்களில் அதை மறைத்துத்தானே வைத்திருப்பார்கள்?

பட்டியல்_பாட்டி (ஒஹாயோ)

மறைக்கவில்லை ஐயா, மறைக்கவும் முடியாது. மூன்ஸ்டர் நடக்கும்போதே ஐரோப்பா முழுக்க அதைப் பற்றித் துண்டுப் பிரசுரம் பறந்தது. நீங்கள் சொல்லும் ராஜா யான் ஃபான் லைடன். 1535 ஜூனில் நகரம் விழுந்தது, 1536 ஜனவரியில் அவனையும் இன்னும் இரண்டு பேரையும் கொடூரமாகக் கொன்று மூன்று இரும்புக் கூண்டில் லாம்பர்ட்டி கோயில் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்னும் தொங்குகின்றன. மென்னோ சைமன்ஸ் குருப்பட்டத்தை விட்டதும் அதே ஜனவரி மாதம்தான். மூன்ஸ்டரில் ஏமாந்து சிதறிய எளிய ஜனங்களைத் திரட்டி, வாளைத் தொடாத சபையாக ஆக்கியதுதான் அவர் வேலை. மூன்ஸ்டரை ஒதுக்கிவிட்டால் மென்னோவே புரியமாட்டார்.

பெண்டர் தலைமுறை ஆய்வாளர்கள் மூன்ஸ்டரைக் 'குடும்பத்தில் சேர்த்தி இல்லை' என்று தள்ளிவைத்தார்கள் என்பது உண்மை. 1970களில் வந்தவர்கள் அதை விடவில்லை, தொடக்கமே பல இடத்தில் பல மாதிரி என்று வாதாடினார்கள். அந்தச் சண்டையும் அந்த நூலகத்தின் ஆய்விதழ்களிலேயே இருக்கிறது. எடுத்துப் படிக்கலாம்.

தெலங்கானா_தியோ (ஐதராபாத்)

இறையியல் மாணவன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நம் நாட்டுக்கும் இந்த நூலகங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரஷ்யாவிலிருந்து வந்த ஆபிரகாம் ஃபிரீசன், மரியா தம்பதி 1889ல் இங்கே வந்து நல்கொண்டாவில் பணி செய்தார்கள். தெலங்கானாவின் மெனொனைட் பிரதரன் சபைகளுக்கு அதுதான் ஆரம்பம். 1897 பஞ்சத்தின்போது எல்கார்ட்டைச் சேர்ந்த ஜார்ஜ் லாம்பர்ட் நிவாரணத்தோடு இந்தியா வந்தார். பஞ்சம், பிளேக், பூகம்பம் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1898ல் எல்கார்ட்டிலேயே அச்சானது. அடுத்த ஆண்டே சத்தீஸ்கரின் தம்தரியில் மிஷன் தொடங்கியது. எங்கள் சபைகளின் பழைய அறிக்கைகளைத் தேட வேண்டுமென்றால் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலும் கன்சாஸின் ஹில்ஸ்போரோவிலும் இருக்கும் காப்பகங்களுக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் போதகர்கள் பெயர்கள் அங்கே பெட்டிகளில் இருக்கின்றன, எங்களிடம் இல்லை.

இரண்டாவது, குமரன் அண்ணா எல்கார்ட் நூலகத்தில் ஜான் ஹோவர்ட் யோடரிலிருந்து தொடங்கலாம். 1972ல் வந்த 'இயேசுவின் அரசியல்' படித்தால் மெனொனைட் சமாதான இறையியல் முழுக்கப் பிடிபடும்.

பட்டியல்_பாட்டி (ஒஹாயோ)

தியோ தம்பி, ஃபிரெஸ்னோ விஷயம் நல்ல தகவல், நன்றி.

யோடர் பற்றி முழுக்கச் சொல்லிவிட வேண்டும். அவர் அந்த எல்கார்ட் செமினரியில்தான் பாடம் நடத்தினார், தலைவராகவும் இருந்தார். பல ஆண்டுகளாகப் பல பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார். சபையும் நிறுவனமும் தெரிந்தும் இழுத்தடித்தன. கோஷனிலிருந்து வரும் அந்தக் காலாண்டிதழே 2015 ஜனவரியில் ஒரு இதழை இதற்காக ஒதுக்கி, ஆவணங்களை வைத்து எழுதியது. அதே ஆண்டு மார்ச்சில் செமினரி பாதிக்கப்பட்ட பெண்கள் முன்னிலையில் தன் தவற்றை ஒப்புக்கொண்டு ஆராதனை நடத்தியது. புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன், நூலகக்காரி அப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் அதைப் படிப்பவர் அந்த 2015 இதழையும் சேர்த்து மேஜைக்குக் கொண்டுவரட்டும். உங்கள் பேராசிரியர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கேளுங்கள்.

புதியவருக்கு யோடர் முதல் புத்தகமாக வேண்டியதும் இல்லை. சாட்லர் 1527ல் தொகுத்த ஷ்லைட்ஹைம் என்ற அனபாப்டிஸ்ட் விசுவாச அறிக்கை ஏழே பிரிவு, ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

ஆர்வி_குமரன் (எல்கார்ட், இந்தியானா)

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பாட்டி, நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். 'கண்ணாடி' அவர் வீட்டில் இருக்கிறதாம், கல்யாணத்துக்கு வந்ததுதான். பதிலுக்கு அவர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அவர் அம்மா வழியில் ஹாக்ஸ்டெட்லர் குடும்பமாம். "நூலகத்துக்குப் போனால் எங்கள் நம்பரைப் பார்த்துக்கொண்டு வா" என்கிறார். என்ன நம்பர்? புரியாமல் தலையாட்டிவிட்டேன்.

பட்டியல்_பாட்டி (ஒஹாயோ)

நல்ல ஆளிடம்தான் மாட்டியிருக்கிறீர்கள். 1757ல், பிரெஞ்சு–செவ்விந்தியப் போர் சமயத்தில், பென்சில்வேனியாவின் நார்த்கில் ஆமிஷ் குடியிருப்பில் யாக்கோப் ஹாக்ஸ்டெட்லர் வீட்டைச் செவ்விந்தியர்கள் ராத்திரி தாக்கினார்கள். பையன்கள் வேட்டைத் துப்பாக்கியை எடுத்தார்கள், அப்பா சுடவிடவில்லை. மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் கொல்லப்பட்டார்கள், அவரையும் இரண்டு மகன்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வம்சாவளியை 1912ல் ஹார்வி ஹாஸ்டெட்லர் பெரிய புத்தகமாகத் தொகுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் கொடுத்தார். ஆமிஷ் வம்சாவளி பார்ப்பவர்கள் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

கோஷனில் வம்சாவளிப் புத்தகங்கள் ஏராளம், உதவியும் கிடைக்கும். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தலை சுற்றிவிடும். அந்த மாவட்டத்தில் ஒரே பெயரில் எத்தனை யோடர், எத்தனை மில்லர்! அம்மாவின் அப்பா பெயர், அவர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், இருவரும் பிறந்த ஆண்டு, ஊர், இவ்வளவையும் நண்பரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்றைக்கு வருகிறீர்கள், ஆஸ்புண்ட் பதிப்புகளும் 1685, 1748 கண்ணாடியும் பார்க்க வேண்டும் என்று நூலகத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். கல்லூரி விடுமுறையில் நேரம் மாறும். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள்.